மஞ்சள் தண்ணீரில் குளித்த கற்கள்

பிள்ளைத்தாச்சி ஒருத்தி ஆசைப்பட்ட உணவை யாரும் கொடுக்காமல் விட்டால், பிறக்கிற பிள்ளை காலம் முழுக்க வாயிலிருந்து வீணீர் வடிக்கும். இது எங்கள் அம்மாவின் மருத்துவம். அம்மா கனடாவில், மொன்றியல் நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை செய்தார். அங்கே நடமாடிய மகப்பேற்று வைத்தியர்களில் ஒருவருக்கும் இந்த விடயம் தெரியாது என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. "இவ்வளவு படிச்சும் என்ன?" என்று வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்வார்.

ஆகவே, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜப்பான்கார அக்காவுக்கு ஏழு மாதம் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு நித்திரை குறைந்துவிட்டது. அக்காவின் கணவர் பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி செய்தார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பிள்ளைப்பேற்றுக்கு வரவேண்டிய அக்காவின் தாயாருக்கு விமானம் ஏற முடியாதபடி நோய் வருத்தம். "தனியக் கிடக்கிறாள், பாவம். என்ன ஆசையெண்டு கேக்க ஒரு ஆள் இல்லை" என்று அம்மா நாளுக்கொரு தடவையாவது புலம்பினார்.

நாங்கள் அப்போது அந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான், பிறகு வரவேற்பறைச் சோபாவில் சின்ன மாமா. மாமா அம்மாவின் தம்பி. "ஒரு மாதம் நிண்டிட்டுப் போறன்" என்று வந்தவர், நான் இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்குப் போன பிறகும் அந்தச் சோபாவிலேயே இருந்தார். அப்பாவும் அவரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் சாமான் இறக்கினார்கள். மூன்று பேரில் ஒருவரும் பள்ளிப்படிப்பை முடித்தவர்களில்லை. ஊரில் சண்டை நடந்து, இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களில்தான் தங்கினார்களாம். "நாங்கள் பள்ளிக்கூடத்திலை படிச்சதைவிடப் படுத்ததுதான் கூட" என்று மாமா சொல்வார். அப்பா சிரிப்பார். நானும் சிரிப்பேன். பள்ளிக்கூடத்தில் படுக்க விட்டால் நன்றாகத்தானே இருக்கும் என்று எனக்கு அவர்கள்மேல் சற்றுப் பொறாமைகூட இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். இதைச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தால் நான் விடுவதில்லை. ஆனால் உண்மையான அதிகாரம் எனக்கு அந்த ஒன்பது வயதில்தான் இருந்தது. வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் என்பதால் மின்சாரக்காரர்கள், பல் வைத்தியர், வீட்டுச் சொந்தக்காரர் எல்லாரோடும் நான்தான் கதைத்தேன். அம்மா நீட்டி முழக்கிச் சொல்வதை ஒரே வரியில் முடிப்பது என் பாணி. மிச்சம் எங்கே போனது என்று அம்மா சந்தேகமாகப் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை அம்மா இடியப்பப் பெட்டியை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். அக்கா கதவைத் திறந்து குனிந்து வணங்கினார். அம்மாவும் குனிந்தார். அக்கா மறுபடி குனிந்தார். இது முடிகிற மாதிரித் தெரியாததால் நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன சாப்பிட ஆசையெண்டு கேள், பிள்ளை."

கேட்டேன். புதிதாய் வந்தவர்களுக்கான வகுப்பில் படித்த பிரெஞ்சில், ஒன்றும் வேண்டாம், மிக்க நன்றி என்றார் அக்கா.

"வெக்கப்படாமல் சொல்லச் சொல்லு. சொல்லாட்டில் பிள்ளைக்குத்தான் கூடாதெண்டு சொல்லு. வீணீர் விசயத்தையும் சொல்லு."

வீணீருக்குப் பிரெஞ்சில் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. வாயிலிருந்து நாடிவரை விரலால் இழுத்துக் காட்டி, பிறகு அக்காவின் வயிற்றைக் காட்டினேன். அக்கா கொஞ்சம் பயந்துவிட்டார் போலிருந்தது. உடனே சொல்லிவிட்டார்: "யாக்கி-இமோ."

கணினியைத் திறந்து எங்களுக்கு அதைக் காட்டினார். குளிர் தொடங்கியதும் அவருடைய ஊர்த் தெருக்களில் ஒரு சின்னப் பாரவண்டி வருமாம். பின்பக்கத்தில் அடுப்பு, அடுப்பின்மேல் சூடான கற்கள், கற்களுக்குள் புதைத்த கிழங்கு. வண்டிக்காரர் "யாக்கி... இமோ..." என்று இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு மெல்ல ஓட்டிப்போவார். அந்தக் குரல் கேட்டால் பெண்கள் வீட்டுச் செருப்போடு ஓடுவார்களாம். சின்ன வயதில் அக்காவின் அம்மா சுட்ட கிழங்கைத் தாளில் சுற்றி, கோட்டின் இரண்டு பைகளிலும் ஒவ்வொன்றாக வைத்துவிடுவாராம். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரும்வரை கை சூடாக இருக்கும், வீட்டுக்கு வந்ததும் வயிறு சூடாகும்.

அம்மா திரையை மூக்கு முட்டப் பார்த்தார். ஏதோ பெயர் தெரியாத மீனோ கடற்பாசியோ என்று பயந்துகொண்டிருந்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"உது எங்கடை வத்தாளங்கிழங்கெல்லே! உதுக்கே இவ்வளவு கதை?"

அம்மா செய்து தருவார் என்று மொழிபெயர்த்தேன்.

அன்று மாலையே வத்தாளங்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அவிந்தது. ஊர் முறைப்படி தேங்காய்ப்பூவும் இடிச்ச சம்பலும் வைத்துக் கொண்டுபோனோம். அக்கா முழுவதையும் சாப்பிட்டார். சம்பல் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. மிக்க நன்றி, மிக நல்லாயிருக்கிறது என்று குனிந்தார். மாடி ஏறும்போது அம்மாவின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"சாப்பிட்டவள்தான். ஆனால் ஆசை தீரேல்லை. மூஞ்சையிலை தெரிஞ்சுது."

அடுத்த கிழமை ஓவனில் வைத்துப் பார்த்தார். சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய செம்மஞ்சள் நிறக் கிழங்கு கசிந்து, சீனிப்பாகாய் வடிந்து, கருகி, மூன்றாம் மாடி முழுக்கப் புகை. தீ எச்சரிக்கை மணி அடித்ததில் கட்டடமே வெளியே வந்து நின்றது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினார். அவர் கத்தியதில் பாதியை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் சின்ன மாமா பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மாமா ஒரு விடயத்தில் இறங்கினால் அப்பா முன்கூட்டியே பெருமூச்சு விடத் தொடங்குவார்.

"அக்கா, நீ கல்லை விட்டிட்டாய். அதுதான் பிழை. கல்லிலையெல்லோ சுடவேணும்."

"கல்லுக்கு எங்கை போறது?"

"உலகத்திலை கல்லில்லாத இடமும் இருக்கே?"

தமிழ்க்கடையிலிருந்து சிவப்புத் தோலும் வெளிறிய சதையுமான கிழங்கை மாமா ஒரு பெட்டி கொண்டுவந்தார். அக்கா அதைக் கையில் எடுத்து மணந்து பார்த்து, ஏறக்குறைய இதுதான் என்றார். மாமா பண்டகசாலையில் கேட்டு, பழப்பாகு வந்த வெற்று இரும்புப் பீப்பாய் ஒன்றையும் வாங்கி வந்தார். அதன் அடிப்பக்கத்தில் விறகு வைக்க ஒரு வாசல் வெட்டினார். மேலே அம்மாவின் பெரிய இரும்புத் தாச்சிச்சட்டி, அது நிறையக் கல், அதன்மேல் பீப்பாயின் மூடி. இதுதான் திட்டம். கல் பொறுக்க ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் லஷீன் பக்கம் ஆற்றங்கரைக்குப் போனோம். வழுவழுப்பான, கறுத்த, உருண்டைக் கற்களாகப் பார்த்துத் தண்ணீருக்குள்ளிருந்து நானே பொறுக்கினேன். கரையில் கிடந்தவற்றைவிடத் தண்ணீரில் கிடந்தவை வடிவாக இருந்தன.

"தம்பி, கட்டடத்துக்குப் பின்னாலை ஒழுங்கைக்குள்ளை நெருப்பு வைக்க விடமாட்டினம்" என்றார் அப்பா.

"அத்தான், கிழங்கு சுட ஆரிட்டை அனுமதி கேக்கிறது?"

கடைசியில் கட்டடக் கிழவரிடம் என்னைத்தான் அனுப்பினார்கள். ஒரு பிள்ளைத்தாச்சியின் ஆசை என்று சொன்னேன். அவர் கொஞ்சநேரம் காதைச் சொறிந்தார். சனிக்கிழமை மத்தியானம் கட்டடத்தின் முன்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பேன், பின்பக்கத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றார்.

வேறு சனிக்கிழமைக்குத் தள்ளவும் முடியாது. பிள்ளை முந்தி வரக்கூடும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிள்ளை வருவதற்கு முன்னால் கிழங்கு வந்தாகவேண்டும். அந்தக் கிழமை முழுவதும் அம்மா வேலையால் வந்ததும் முதலில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அக்கா எழும்பி நடமாடுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே வருவார்.

ஆனால் அம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. "ஆத்துக்கரையிலை நாய், பறவை எல்லாம் திரிஞ்சிருக்கும். பிள்ளைத்தாச்சி வாயிலை வைக்கிற சாமான்" என்று கற்கள் எல்லாவற்றையும் குளியல் தொட்டியில் கொட்டி, தேங்காய்த் தும்பால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அதோடு விடாமல், மஞ்சள் கரைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தார். காலையில் எழுந்து பல் தீட்டப் போனால் தொட்டி நிறையச் சாமி கும்பிடத் தயாரானதுபோல மஞ்சள் கற்கள். அப்பா அன்று குளிக்காமல் இருந்தார்.

ஒக்டோபர் முடிகிற நேரம். பின் ஒழுங்கையில் மேப்பிள் இலை கணுக்கால்வரை கிடந்தது. விடயம் எப்படியோ பரவி, எங்கள் கட்டடத்திலிருந்த மற்ற இரண்டு தமிழ்க் குடும்பங்களும் மடிக்கிற கதிரை, தேநீர்க் குடுவை, வடைப் பெட்டி சகிதம் வந்துவிட்டார்கள். பின்பக்கம் பார்க்கமாட்டேன் என்ற கிழவர் எல்லாருக்கும் முந்தியே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கணவர் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அம்மா அக்காவை எங்கள் வீட்டுக் கதிரைகளில் ஆக நல்லதில், சுவரோரம், காற்றுப் படாமல் இருத்தி, தன் சால்வையையும் போர்த்திவிட்டார்.

அக்கா தாச்சியை எட்டிப் பார்த்தார். கற்கள் ஏன் மஞ்சள் என்று என்னிடம் கேட்டார். அம்மா கழுவினவர் என்றேன். நன்றாகக் காய்ந்திருக்கின்றனவா என்று கேட்டார்.

"காய்ஞ்சிருக்கோ எண்டோ? பிள்ளைக்குத் தலை துவட்டுற மாதிரி ஒவ்வொண்டாத் துவட்டினனான் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

சொன்னேன். அக்கா ஒரு கணம் யோசித்தார். பிறகு மரியாதையாகத் தலையாட்டினார்.

மாமா நெருப்பு மூட்டினார். கிழங்குகளைக் கற்களுக்குள் புதைத்து மூடியைப் போட்டார். கொஞ்சநேரத்தில் வாசம் எழுந்தது. இனிப்பும் மண்ணும் புகையும் கலந்த வாசம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். அதைப் பார்த்த அம்மா என் தோளைப் பிடித்து அமத்தினார். இந்த முறை சரிவரும் என்பது அந்த அமத்தலின் பொருள். மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. துவாய் ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு, பீப்பாயைச் சுற்றி நடந்து, "யாக்கீ... இமோஓ..." என்று பாடத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த ஒரே பாட்டு முறை தேவாரம். அந்த இராகத்தில் கேட்டதும் மேல்மாடிப் பெரியவர் ஒருவர் தன்னையறியாமல் கும்பிட்டார். அக்கா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அப்போதுதான் முதலாவது கல் வெடித்தது.

சாதாரண வெடியில்லை. இரும்புப் பீப்பாய்க்குள் வெடித்ததில் ஒழுங்கையின் இரண்டு பக்கச் சுவர்களும் சேர்ந்து அதிர்ந்தன. மூடி வானத்துக்குக் கிளம்பியது. பின்னாலேயே அடுத்த கல், அதற்கும் அடுத்த கல்.

நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒருவரும் ஓடவில்லை, கத்தவில்லை. எல்லாரும் படுத்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. காற்றடித்த நெல்போல அப்படியே சாய்ந்தார்கள். மேல்மாடிப் பெரியவர் வடைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார். பாடிக்கொண்டிருந்த மாமாவைக் காணவில்லை. நிறுத்தியிருந்த கார் ஒன்றின் அடியிலிருந்து அவருடைய சப்பாத்து மட்டும் தெரிந்தது. அப்பா எந்தப் பக்கத்திலிருந்து வந்தாரென்று தெரியாது, என்னை இலைக்குள் அமுக்கி என்மேல் படுத்திருந்தார். அம்மாதான் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. முதல் சத்தம் அடங்குவதற்குள் அக்காவைக் கதிரையிலிருந்து இறக்கி, சுவர் மூலையோடு இருத்தி, அவருடைய வயிற்றைத் தன் உடம்பால் மறைத்து, எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார்.

நின்றுகொண்டிருந்தது அக்காவின் கணவர் மட்டும்தான், கையில் தேநீர்க் கோப்பையோடு. கிழவரும் கதிரையைவிட்டு அசையவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவ்வளவு நல்ல விளையாட்டை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் எனக்குச் சொல்லித்தரவில்லையே என்று ஆச்சரியமாகவும் இருந்தது. "அப்பா, பாரம்! எழும்புங்கோ" என்றேன். அப்பா எழும்பவில்லை. அவருடைய நெஞ்சு என் முதுகில் திம் திம் என்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பா எப்போதும் எதையும் நன்றாக நடிப்பார்.

மூடி எங்கேயோ விழுந்து, உருண்டு, சுழன்று, ஓய்ந்தது. பிறகு காருக்கு அடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"அக்கா... கல்லு. கல்லுத்தான் வெடிச்சது."

"மூதேவி! கல்லும் வெடிக்குமோடா?" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"நீதானே ஊறப்போட்டனீ!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. மேல்மாடிப் பெரியவராக இருக்கவேண்டும். நெற்றியில் ஒட்டியிருந்த வடைத் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். அதன்பிறகு ஒழுங்கை முழுவதும் சிரிப்பு. நிலத்தில் கிடந்தபடியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அம்மா மட்டும் அக்காவின் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நீண்ட நேரம் கண்ணைத் துடைத்தார்.

கிழவர் என்னைக் கூப்பிட்டார். ஆற்றுக் கல்லுக்குள் தண்ணீர் இருக்கும், அதை நெருப்பில் போட்டால் ஆவியாகி உடைக்கும் என்று உன் மாமாவிடம் சொல் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இவர்கள் எல்லாரும் ஏன் படுத்தார்கள் என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளராகிய நான் உடனே பதில் சொன்னேன்: "அது எங்கள் விளையாட்டு."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இனித்தான் முக்கியமான கேள்வி: கிழங்கு என்ன ஆனது? அம்மா எழுந்து, சேலையிலிருந்த இலைகளைத் தட்டிவிட்டு, நேராகப் பீப்பாயிடம் போனார். "கிட்டப் போகாதை அக்கா, இன்னும் வெடிக்கும்" என்று மாமா கத்தினார். "வெடிக்கிறது வெடிக்கட்டும். அவள் பாத்துக்கொண்டிருக்கிறாள்" என்றார் அம்மா. அப்பாதான் அவரைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, நெருப்புத் தணியும்வரை எல்லாரையும் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். தணிந்த பிறகு நீளத் தடியால் கிளறினார். மேலே இருந்தவை சிதறிக் கூழாகிவிட்டன. அடியில், உடைந்த கற்களுக்குக் கீழே, கொஞ்சக் கிழங்குகள் தோல் சுருங்கி, ஓரங்களில் பாகு கசிந்து, முழுதாகக் கிடந்தன. அம்மா ஒவ்வொன்றாகத் தட்டி, ஊதி, கல்துண்டு ஏதும் இல்லையென்று விரலால் தடவிப் பார்த்து, ஒன்றைத் தாளில் சுற்றி அக்காவிடம் நீட்டினார்.

அக்கா அதை உடனே சாப்பிடவில்லை. இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, கன்னத்தில் வைத்தார். பிறகு நடுவே உடைத்தார். உள்ளே முட்டை மஞ்சள்போல நிறம். ஆவி அவருடைய முகத்தை மறைத்தது. ஒரு பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மறு பாதியைக் கடித்து, வாய்க்குள் சூட்டை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டு, தன் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். கணவரைப் பார்த்தும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தும் சொல்லவில்லை.

"என்னவாம்?" என்று மாமா என்னைக் கேட்டார்.

எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கையை விரித்தேன். ஆனால் அம்மாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"தீந்திட்டுது" என்றார். அவ்வளவுதான்.

மிச்சக் கிழங்கை எல்லாரும் பங்கிட்டுத் தின்றோம். கிழவர் இரண்டு தின்றார். அடுத்த கிழமையே அக்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. குளிக்கவார்க்க யாருமில்லை என்று அம்மா வேலைக்குப் போகுமுன் தினமும் கீழே போய், எண்ணெய் தேய்த்து, கால்நீட்டி உட்கார்ந்து அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டினார். சில மாதத்தில் பிள்ளைக்குப் பல் முளைக்கத் தொடங்கி, உலகத்துப் பிள்ளைகள் எல்லாரையும்போல வீணீர் வடித்தபோது அம்மா ஆடிப்போய்விட்டார். அந்த முதலாவது அவித்த கிழங்கின் குற்றமாக இருக்குமோ என்று மாமாவோடு தனியாக ஆலோசித்தார்.

அதற்கிடையில், பனி கொட்டத் தொடங்கியதும், நான் அந்த விளையாட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். விதி இலகுவானது: ஒருத்தி எல்லாருக்கும் பின்னால் நின்று "டும்!" என்று கத்தவேண்டும். மற்றவர்கள் விழவேண்டும். முதலில் விழுந்தவர் வென்றவர். பனியில் விழுந்தால் நோவாது. எங்கள் வகுப்பு முழுவதும் இடைவேளைக்கு இடைவேளை விழுந்தெழும்பியது. பக்கத்து வகுப்புக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் நாட்டு விளையாட்டு என்று எல்லாரிடமும் நான் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அம்மாவோடு கீழ்வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை அம்மாவின் காலில் குப்புறக் கிடந்தது. அம்மா அதன் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் என் புகழைச் சொல்லத் தொடங்கினேன். கிழங்கு சுட்ட நாள் நீங்கள் விளையாடியதை இப்போது பள்ளிக்கூடமே விளையாடுகிறது என்றேன். அம்மா சிரித்தார்.

"அப்ப, ஆர் வெல்லுறது?"

"நான்தான். எப்பவும் நான்தான். அவையள் 'டும்' எண்டு சொல்லி முடிக்க முதலே விழுந்திடுவன்."

பிள்ளையின் முதுகில் ஓடிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"உதிலை நீ வெல்ல வேண்டாம், பிள்ளை" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கணக்கில் ஒரு புள்ளி குறைந்தால்கூட ஏன் என்று கேட்பவர் அம்மா. ஓட்டமோ, எழுத்துப் போட்டியோ, எதுவென்றாலும் முதலாவதாக வா என்று தலைவாரிவிடும்போதே சொல்லி அனுப்புபவர். அன்று ஒழுங்கையில் எல்லாரையும் முந்தியது அம்மாதான் அல்லவா? அந்த முதலிடத்தைச் சொந்த மகளுக்குக்கூட விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டு, வெளியே விளையாடப் போய்விட்டேன்.